மோட்டார்ஹோமின் மடக்குப் படி உடைந்துவிட்டால்: நோய் கண்டுபிடிப்பது முதல் திரும்பப் பூட்டுவது வரை

படுக்கையும் சமையலறையும் கொண்ட வீட்டு வண்டியான மோட்டார்ஹோமிலேயே அதிகமாக அடிபடுவது வாசலுக்குக் கீழே தொங்கும் அந்த மடக்குப் படிதான். முன்சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர், சரளைக்கல், குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு எல்லாம் நேராக அதன் மேல்தான் விழும். நான் இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாதிரி இடங்களில் இரண்டு மூன்று பனிக்காலம் பார்த்த படி கீழேயிருந்து எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், எதற்காக இந்தக் கட்டுரை என்று புரிந்துவிடும். ஆனால் படி வேலை செய்யவில்லை என்றதும் பலரும் செய்வது என்ன? மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டி, பல நூறு டாலர் கொடுத்து முழுப் படியையும் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மோட்டாரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். துருப்பிடித்த ஒரு கிரவுண்ட் முனை (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயரின் முனை), இடம் நகர்ந்த ஒரு காந்தம், தேய்ந்துபோன ஒரு முள் (இரண்டு பாகங்களைக் கோக்கும் இரும்புப் பின்), இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

வட அமெரிக்க வண்டிகளில் மின்சாரப் படி என்றால் பெரும்பாலும் குவிக்கி என்ற பெயர்தான் இருக்கும். 2014-இல் அந்தப் பிராண்டை லிப்பர்ட் வாங்கிவிட்டதால் உதிரி பாகம் தேடும்போது லிப்பர்ட் என்றும் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் கிடைக்கும் பாகமும் கிடைக்காதது போலத் தெரியும். படியின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சீரிஸ் எண் இருக்கும், அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துரு தின்றுவிட்டால் அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஐரோப்பிய வண்டிகளில் தூலே போன்றவர்களின் படிகள் வரும். உள்ளமைப்பு கொஞ்சம் மாறும், ஆனால் பழுது தேடும் வரிசை ஏறக்குறைய இதேதான். கையால் இழுத்து மடக்கும் சாதாரணப் படி என்றால் மின்சாரப் பகுதியைத் தாண்டி நேரே இரும்பு வேலைக்குப் போய்விடலாம்.

முதலில் விரல்கள்

இதைப் படிக்காமல் கீழே குனியாதீர்கள். மின்சாரப் படிக்கு உத்தரவு கொடுப்பது கதவு. கதவில் ஒரு காந்தம், கதவுச் சட்டத்தில் ஒரு சுவிட்ச்; கதவு திறந்தால் படி வெளியே வரும், மூடினால் உள்ளே போகும். நீங்கள் கீழே கையை விட்டு ஏதோ ஒரு நட்டைத் தடவிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து யாராவது கதவைத் திறந்தால், கத்தரி போல மடங்கும் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே உங்கள் விரல் இருக்கும். படிக்கு இது தெரியாது, அது நிற்காது. ஆகவே கையை விடும் முன் படியின் ஃப்யூஸை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் இக்னிஷன் போட்டால் அணைத்த சுவிட்சையும் மீறிப் படி உள்ளே போகும்படிதான் இவை வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், கதவில் ஒரு சீட்டும் ஒட்டுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுங்கள். ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் போகவே கூடாது. படி ஓரத்தில்தான் இருக்கிறது, பக்கவாட்டில் அட்டை விரித்துப் படுத்தாலே எல்லா இடமும் கைக்கு எட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், துருத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள்

ஃப்யூஸைப் போட்ட நிலையில், யாரையும் கிட்டே விடாமல், ஒருவர் கதவைத் திறந்து மூட, நீங்கள் நாலடி தள்ளி நின்று கவனியுங்கள். சத்தமே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது கதவு திறந்த செய்தி படிக்குப் போகவில்லை. மோட்டார் சுற்றுகிற சத்தம் வருகிறது, படி அசையவில்லை என்றால் இணைப்பு முள் கழன்றிருக்கும் அல்லது கியரின் பற்கள் போயிருக்கும். பாதி வழி வந்து நிற்கிறது அல்லது திக்கித் திக்கி வருகிறது என்றால் மூட்டுகள் இறுகியிருக்கின்றன, அல்லது வோல்ட்டேஜ் குறைகிறது. வெளியே சரியாக வந்து, மிதித்ததும் முன்பக்கம் சாய்கிறது என்றால் ரிவெட் துளைகள் தேய்ந்திருக்கின்றன அல்லது எங்கோ விரிசல். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து. படி வராமல் போனால் குதித்து இறங்கிவிடலாம், ஏறி மிதித்தபின் மடங்கினால் இடுப்பு எலும்பு. அப்படிச் சாய்கிற படியை யாரும் மிதிக்க விடாதீர்கள், சரிசெய்யும் வரை ஒரு கனமான முக்காலி போட்டு இறங்குங்கள்.

இன்னொன்று. படி வெளியே நின்றுகொண்டு உள்ளே போக மறுக்கிறது என்றால் முதலில் வாசலருகே இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். அதை அணைத்து வைத்தால் கதவை மூடினாலும் படி வெளியிலேயே நிற்கும், முகாமில் நாள் முழுக்க ஏறி இறங்குவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பழுதே இல்லாத படியைக் கழற்றிவிட்டு விழிக்க வேண்டாம்.

மின்சாரம் வருகிறதா

பேட்டரியிலிருந்து ஆரம்பியுங்கள். மோட்டார்ஹோமில் இரண்டு பேட்டரி இருக்கும், ஓட்டுவதற்கு ஒன்று, வீட்டுப் பகுதிக்கு ஒன்று. உங்கள் படி எதில் மாட்டியிருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரண்டையும் மல்டிமீட்டரில் பாருங்கள், ஓய்வில் இருக்கும் நல்ல ஈய பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். அப்புறம் ஃப்யூஸ். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள், பெரியது போட்டால் அடுத்து எரிவது ஒயர்.

அடுத்ததுதான் நிறையப் பேர் ஏமாறும் இடம். படியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தால் 12.5 வோல்ட் காட்டும், உடனே மின்சாரம் சரி, மோட்டார்தான் கெட்டது என்று முடிவு செய்துவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. பச்சை பூத்து, ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒயர்கூட மீட்டருக்கு முழு வோல்ட்டேஜைக் காட்டிவிடும். மோட்டார் பல ஆம்பியர் இழுக்கும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும். அதனால் பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து இரண்டு ஒயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள், அது நாலரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதை பிளக்கின் பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மாட்டுங்கள். பிரகாசமாக எரிந்தால் இரண்டு ஒயரும் நல்லவை. மங்கினால் பல்பின் கிரவுண்ட் முனையை மட்டும் எடுத்து நேராக பேட்டரி நெகட்டிவில் ஒரு நீள ஒயரால் தொடுங்கள். இப்போது பளிச்சென்று எரிகிறதா? அப்படியானால் கிரவுண்டில்தான் பழுது. பாதிக்கு மேற்பட்ட செத்துப்போன படிகளுக்கு உயிர் கொடுப்பது இந்த ஒரு சோதனைதான் என்பது என் எண்ணம்.

கிரவுண்ட் ஒயர் சட்டத்தில் பூட்டியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை எமரி பேப்பரால் தேயுங்கள். முனையில் பச்சை ஏறியிருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய வளைய முனையை நெருக்கிப் போட்டு, உள்ளே பசையுள்ள, சூடுபட்டால் சுருங்கும் குழாயால் மூடுங்கள். பூட்டியபின் மேலே கிரீஸ். பிளக்கின் ஊசிகளுக்கும் இதே சிகிச்சை, அங்கே மின் இணைப்புக்கான கிரீஸ் போடுங்கள். எந்த நிற ஒயர் எதற்கு என்று யாரோ சொன்னதை நம்பி வெட்டாதீர்கள், மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் சீரிஸ் எண்ணுக்கான கையேட்டைப் பாருங்கள்.

கதவுக் காந்தம். கதவு கொஞ்சம் தொங்கிப் போனால் காந்தத்துக்கும் சுவிட்சுக்கும் இடையே உள்ள இடைவெளி கூடிவிடும், சில மில்லிமீட்டர்தான் அதன் எல்லை. ஒரு சிறு காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவு திறந்திருக்கும்போது சட்டத்தில் உள்ள சுவிட்சின் முகத்தில் வையுங்கள். படி உள்ளே போகிறது, எடுத்தால் வெளியே வருகிறது என்றால் சுவிட்சும் படியும் சரி, கதவில் உள்ள காந்தத்துக்கு அடியில் ஒரு சின்னத் துண்டு வைத்து முன்னே கொண்டுவந்தால் வேலை முடிந்தது. காந்தத்துக்கு அசையவே இல்லை என்றால் சுவிட்ச் ஒயர்களில் துண்டிப்பு இருக்கலாம். குவிக்கியில் அந்தச் சுவிட்சின் இரண்டு ஒயரையும் ஒன்றோடு ஒன்று தொட்டால் கதவு மூடியது போல, பிரித்தால் திறந்தது போல. அப்படித் தொட்டுப் பார்க்கும்போது படி கேட்கிறது என்றால் மாற்ற வேண்டியது அந்த மலிவான சுவிட்ச் மட்டும்.

இறுகிய மூட்டு ஏன் மின்சாரப் பழுது போலத் தோன்றுகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். குவிக்கி வகைப் படியில், முழுவதும் வெளியே வந்துவிட்டதா என்று பார்க்கத் தனி சுவிட்ச் கிடையாது. படி கடைசி வரை போய் முட்டியதும் மோட்டார் திணறும், திணறும்போது மின்னோட்டம் சட்டென்று எகிறும், அதை வைத்துத்தான் கட்டுப்பாட்டுப் பெட்டி நிறுத்துகிறது. இப்போது மூட்டுகளில் துருவும் மண்ணும் சேர்ந்து இறுகிப்போனால் என்ன ஆகும்? பாதி வழியிலேயே மோட்டார் திணறும், பெட்டி எல்லைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து நிறுத்திவிடும். பார்ப்பவருக்குப் பெட்டி கெட்டது போலத் தெரியும். பெட்டியில் ஒன்றும் இல்லை, அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

சோதிப்பது சுலபம். ஃப்யூஸை எடுத்துவிட்டு, கியர்பாக்ஸின் கையையும் படியின் இணைப்புக் கம்பியையும் சேர்க்கும் முள்ளை உருவுங்கள். ஸ்ப்ளிட் பின் ஒன்று அதைப் பிடித்திருக்கும், அதை நிமிர்த்தி இழுத்தால் முள் வந்துவிடும், வராவிட்டால் துருவிளக்கி எண்ணெய் அடித்துக் கால் மணி நேரம் விட்டுச் சின்னச் சுத்தியால் தட்டுங்கள். இப்போது படியைக் கையால் இழுத்துத் தள்ளுங்கள். நல்ல படி ஒரு கையால் வழுக்கிக்கொண்டு வந்து போகும். மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் பழுது உங்கள் கையிலேயே தெரிகிறது.

முள்ளை உருவிய அதே நிலையில் மோட்டாரையும் தனியாகச் சோதித்துவிடலாம். மோட்டாருக்குள் போகும் இரண்டு ஒயரையும் பெட்டியிலிருந்து கழற்றி, ஃப்யூஸ் வைத்த ஒயர் வழியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியில் அரை நொடி தொடுங்கள், ஒரு பக்கம் சுற்றும். ஒயர்களை மாற்றித் தொட்டால் மறுபக்கம். இரண்டு பக்கமும் பலமாகச் சுற்றினால் மோட்டார் நல்லது. நீளத் தொடாதீர்கள், முட்டும் இடத்தில் நிறுத்த இப்போது பெட்டி இல்லை, கியர் பல் உடைந்துவிடும். மோட்டார் சுற்றியும் கை அசையவில்லை என்றால் உள்ளே பற்கள் போய்விட்டன. சில மாடல்களுக்கு மோட்டாரும் கியரும் தனித்தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் சேர்த்துத்தான் தருவார்கள்.

கழற்றுவது

பெரும்பாலான படிகள் நாலு போல்ட்டில் தொங்குகின்றன, சிலவற்றில் கூடுதலாக இருக்கும். முந்தின நாள் மாலையே எல்லாவற்றிலும் துருவிளக்கி எண்ணெய் அடித்து விட்டுவிடுங்கள், இந்த ஒரு இரவுப் பொறுமை மறுநாள் போல்ட் முறியாமல் காப்பாற்றும். முழுப் படியும் நல்ல கனம், மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஒற்றையாளாக நெஞ்சில் வாங்க முயலாதீர்கள். அடியில் ஒரு பலகை, பலகைக்குக் கீழே தள்ளு ஜாக்கி, அதன் மேல் படி லேசாக உட்காரும்படி ஏற்றியபின்தான் கடைசிப் போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஒயர்கள் எந்த வழியாக ஓடுகின்றன என்று முன்னாலேயே படம் எடுத்துவிடுங்கள், தவறான வழியில் திரும்ப மாட்டினால் படியே ஒயரைக் கத்தரித்துவிடும்.

இரும்பு வேலை

வெளியே எடுத்ததும் ஒயர் பிரஷ், தண்ணீர், சோப்பு. மோட்டாரையும் பெட்டியையும் கழற்றி வைத்துவிட்டுக் கழுவுங்கள். காய்ந்ததும் ஒவ்வொரு மூட்டையும் பிடித்து ஆட்டுங்கள். ரிவெட் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே செம்மண் நிறத்தில் பொடி கசிந்திருந்தால் அந்த மூட்டு உள்ளே தேய்கிறது என்று அர்த்தம். விரல் நகத்தை வைத்தால் ஆட்டம் தெரியும்.

தேய்ந்த ரிவெட்டின் தலையைக் கிரைண்டரால் சீவி, பஞ்ச் வைத்துத் தட்டி எடுங்கள். துளை நீள்வட்டமாகப் போயிருக்கும். சற்றே பெரிய அளவில் வட்டமாகத் துளைத்து, அதற்குப் பொருத்தமான வெண்கலப் புஷ் (துளைக்குள் உட்காரும் சிறு குழல்) போட்டு, போல்ட் பூட்டலாம். இந்தப் போல்ட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். முழு நீளத்துக்கும் மரை போட்ட போல்ட் வேண்டாம். தகடுகள் உரசும் இடத்தில் மரை இருந்தால் அது அரம் மாதிரி புஷ்ஷைத் தின்னும், அந்த இடத்தில்தான் முறியவும் செய்யும். மரையில்லாத வழவழப்பான தண்டு இரண்டு தகடுகளையும் தாண்டி இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மரை தொடங்க வேண்டும். வலிமையில் 10.9 தரம் அல்லது அங்குல அளவில் கிரேட் 8 எடுங்கள். நட்டு நைலான் பூட்டு உள்ளதாக இருக்கட்டும், ஆட்டம் போகும்வரை இறுக்கி, மூட்டு இன்னும் தடையில்லாமல் மடங்குகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். கழற்றிய பழைய நைலான் நட்டைத் திரும்பப் போடாதீர்கள், ஒரு டாலரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

விரிசல் இருந்தால் வெல்டிங். இதில் மூன்று விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, வண்டியில் வைத்தே பற்றவைக்கக் கூடாது, வாசலுக்கு மேலே மரமும் நுரையும் ஒயரும் இருக்கின்றன, சமையல் எரிவாயுக் குழாயும் அந்தப் பக்கமாக ஓடலாம். இரண்டு, துத்தநாகப் பூச்சு இருந்தால் விரிசலைச் சுற்றி நன்றாகச் சீவி எடுத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். மூன்று, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வேண்டவே வேண்டாம், ஆர்க்கின் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், அது ஆளைக் கொல்லும். அசிட்டோனால் துடைத்து, முழுக்க உலரவிட்டுச் செய்யுங்கள். மிதிதட்டு அலுமினியமாக இருந்தால் நீங்களே முயல வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சட்டமே உப்பில் உளுத்துப்போய், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால் அங்கே வெல்டிங் நிற்காது. அந்த நிலையில் புதுப் படி வாங்குவதுதான் சரி, வீண்செலவு என்று நினைக்காதீர்கள். தரைக்கும் வாசலுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டடி இருக்கிறது, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா புடவையோடு அந்த உயரத்தை இருட்டில் இறங்குவதை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெயிண்டுக்கு முன்னால் துருவை மாற்றும் பிரைமர், மேலே இரண்டு பூச்சு கறுப்பு. மிதிதட்டில் ஒட்டும் சொரசொரப்பு நாடா தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கையால் மடக்கும் படிக்கு

இங்கே மோட்டாருக்குப் பதில் ஸ்பிரிங். அது இழுபட்ட நிலையில் கழன்றால் முகத்தில் அடிக்கும், அதனால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் நிலையில் படியை வைத்து, நீளமூக்குக் குறடால் பிடித்து எடுங்கள். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் உண்டென்றால் ஒன்று உடைந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் படி கோணலாக மடங்கும். மற்றபடி ரிவெட், புஷ் வேலை மேலே சொன்னதேதான்.

வழியில் நடந்தால்

நெடுஞ்சாலை ஓரத்தில் படி வெளியே நின்றுவிட்டால் அப்படியே ஓட்டக் கூடாது, பக்கத்தில் போகும் சைக்கிள்காரரின் கால் போய்விடும். ஃப்யூஸை உருவி, அந்த இணைப்பு முள்ளையும் உருவி, படியைக் கையால் உள்ளே தள்ளி, ராட்செட் பட்டையால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். ரப்பர் கயிறு அதிர்வில் நழுவிவிடும். இதற்காகவே ஒரு பட்டையையும் குறடையும் வாசலருகே வைத்திருப்பது நல்லது.

திரும்பப் பூட்டும்போது

ஜாக்கியால் ஏற்றி, நாலு போல்ட்டையும் கையால் பிடிக்கவிட்டு, அப்புறம் குறுக்காக இறுக்குங்கள். ஒயர்களை மாட்டி, முள்ளைப் போடுவதற்கு முன்னாலேயே ஃப்யூஸைச் செருகிக் கதவைத் திறந்து மூடச் சொல்லி, கியர்பாக்ஸின் கை மட்டும் இரு பக்கமும் போய்வருகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். சரியாக இருந்தால் ஃப்யூஸை மறுபடி எடுத்துவிட்டு, முள்ளையும் புதிய ஸ்ப்ளிட் பின்னையும் போட்டுவிட்டு, மறுபடி ஃப்யூஸ். இக்னிஷன் போட்ட நிலையிலும் அணைத்த நிலையிலும் சோதியுங்கள். பிறகுதான் எடை. முதலில் ஒரு காலை மட்டும் வைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி மெல்ல அழுத்துங்கள், முன்னோரம் எவ்வளவு கீழிறங்குகிறது என்று பக்கத்தில் ஒருவர் பார்க்கட்டும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எடை வரம்பைத் தாண்டி ஏற்றாதீர்கள், இரண்டு பேர் சேர்ந்து நிற்பதும் வேண்டாம்.

மசகு போடுவதற்குக் குவிக்கியின் கையேடே 30 நாளுக்கு ஒருமுறை என்கிறது, முதலில் மண்ணையும் உப்பையும் கழுவிவிட்டு, ஈரமும் சூடும் தாங்கும் ஸ்ப்ரே கிரீஸ். வெறும் டபிள்யூடி-40 துருவை இளக்கத்தான் நல்லது, மூட்டில் நிலைக்காது. பனிச்சாலையில் ஓட்டி வந்தால் 30 நாள் காத்திருக்காமல் அன்றைக்கே அடியில் தண்ணீர் அடித்து உப்பைக் கழுவுங்கள், பனிக்காலத்துக்கு வண்டியை மூடி நிறுத்தும் முன் இன்னொரு முறை. புதிதாகப் போட்ட போல்ட்டுகளை முதல் நெடும்பயணம் முடிந்ததும் ஸ்பேனர் வைத்து ஒருமுறை சரிபாருங்கள், புதிய பெயிண்ட் நசுங்கி உட்கார்ந்ததில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.